பப்பாளியும் தீவனமும் எலியின் கருப்பையை என்ன செய்கின்றன: ஆய்வுக்கூடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பப்பாளி இல்லாத கொல்லையைப் பார்ப்பது கடினம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் இடத்தில் தானாகவே முளைத்து நிற்கும். போன பங்குனியில் அந்த மரத்தால்தான் என் மாணவி ஒருத்தியின் வீட்டில் சண்டை. அவளுடைய அண்ணி மூன்று மாதம். பழுத்த பப்பாளியில் இரண்டு துண்டு எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். அதைப் பார்த்த அப்பத்தா அன்றிரவு சாப்பிடவே இல்லையாம்.

மறுநாள் காலை மாணவி வந்து நின்றாள். "டீச்சர், பப்பாளி சாப்பிட்டால் கரு கலைந்துவிடுமா?"

நான் சித்தூர் தாலுகாவில் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். அவளிடம் திருப்பிக் கேட்டேன்: "பழமா, காயா, பாலா, விதையா?" எல்லாம் ஒரே மரம்தானே என்பதுபோல் பார்த்தாள்.

மரம் ஒன்றுதான். ஆனால் எலியின் கருப்பை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் இதைச் செய்து பார்த்து வெளியிட்டார்கள். நன்றாகப் பழுத்த பப்பாளியைச் சினை எலிகளுக்கு வேண்டிய அளவு கொடுத்தார்கள். கருக்களின் எண்ணிக்கை குறையவில்லை. தனியே எடுத்த கருப்பைத் துண்டின்மேல் பழச்சாற்றை விட்டார்கள், தசை சுருங்கவில்லை. பச்சைக் காயிலிருந்து வடித்த பாலை விட்டபோது, பிரசவ வலியைத் தூண்டும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் கொடுத்த மாதிரி இறுக்கிச் சுருங்கியது. அதே குழு அடுத்த ஆண்டு விதைச் சாறைப் பார்த்தது. அது தசையைத் தளர்த்தியது, அளவு கூடியபோது மீளாத அளவுக்குக் கெடுத்தது. அதற்குக் காரணமான பொருள் பென்ஸைல் ஐசோதயோசயனேட். ஆக, ஒரே பழத்திலிருந்து மூன்று பதில்.

ஒரு தாவரத்தையோ உணவையோ எலிக் கருப்பையில் சோதிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.பார்ம் மாணவர்களை மனதில் வைத்திருக்கிறேன். பாட்டியின் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும் என்று நினைக்கிற யாரும் படிக்கலாம்.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"கருப்பையைப் பாதிக்குமா?" என்று கேட்டால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது தசையைச் சுருக்குகிறதா, தளர்த்துகிறதா? இதற்குச் சில நிமிடங்களில் பதில் கிடைக்கும். ஆர்கன் பாத் போதும்; எடுத்த தசைத் துண்டை உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து அதன் சுருக்கத்தை அளக்கிற கண்ணாடிக் கலம் அது. இது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்து கருப்பையை வளர்க்கிறதா? இதற்கு நாட்கள் ஆகும், தராசு வேண்டும். சினை தங்குகிறதா, கரு வளர்கிறதா? இதற்கு வாரங்கள் ஆகும். முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு முடிவு சொல்வதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. கண்ணாடிக் கலத்தில் தசை சுருங்கியது என்பதால் அதே பொருள் வாய்வழியாகப் போய், குடலில் செரித்து, ஈரல் தாண்டி, அதே அளவில் கருப்பைக்குப் போய்ச் சேரும் என்று அர்த்தமில்லை.

எந்தக் கேள்வி என்பதை ஒரே வரியில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அப்புறம்தான் எலி.

தாள் வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தவிர்க்க முடியாது. 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-ன் விலங்குச் சோதனை விதிகளும் நமக்குப் பொருந்தும். உங்கள் கல்லூரி, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.-யில் (முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்றோம்) பதிவு பெற்றிருக்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் படிவம் பி கொடுத்து ஒப்புதல் வந்த பிறகே முதல் எலியைத் தொட வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை என்று அதில் கேட்பார்கள். அந்த இடத்தை மனப்பாடமாக நிரப்பாதீர்கள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-ல் சொன்ன மூன்றும் (மாற்று தேடுவது, எண்ணிக்கை குறைப்பது, வலி குறைப்பது) அந்தக் கட்டத்தில்தான் உயிர் பெறுகின்றன. கை பழகுவதற்காக எலியைக் கொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் போன்ற கணினி நிரல்களில் முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

எலி எந்த நாளில் இருக்கிறது?

எலியின் கருப்பை இரண்டு நீண்ட கொம்புகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கழுத்து உண்டு. இது நமக்கு ஒரு வசதி: ஒரே எலியிலிருந்து ஒரு கொம்பைச் சோதனைக்கும் மறு கொம்பை ஒப்பீட்டுக்கும் எடுக்கலாம்.

எலியின் சுழற்சி 4 அல்லது 5 நாள். அதில் புரோஈஸ்ட்ரஸ், ஈஸ்ட்ரஸ் (இணை சேரத் தயாரான கட்டம்), மெட்டீஸ்ட்ரஸ், டையீஸ்ட்ரஸ் என்று நான்கு கட்டங்கள். அந்த நாட்களுக்குள் கருப்பை தலைகீழாக மாறுகிறது. புரோஈஸ்ட்ரஸில் உள்ளே நீர் கோத்து, கொம்பு பலூன் போல உப்பி இருக்கும். டையீஸ்ட்ரஸில் மெலிந்த நூல். ஆக்ஸிடோசினுக்கு இரண்டும் ஒரே மாதிரி பதில் தராது. தாவரத்துக்கும் அப்படித்தான். ஆடாதோடையில் இருக்கிற வாசிசின் கருப்பையைச் சுருக்கும் பொருள். ஈஸ்ட்ரோஜன் முன்பே பழக்கிய கருப்பையில் அதன் வேகம் கூடுகிறது. நாளைப் பார்க்காமல் எலியை எடுத்தால், நீங்கள் அளப்பது தாவரத்தையா, நாளையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நாளைக் கண்டுபிடிக்க யோனி ஸ்மியர், அதாவது யோனியில் உதிர்ந்த செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. 1922-ல் லாங், எவன்ஸ் இருவரும் எலியில் இதை ஒழுங்குபடுத்தியபோது செய்ததைத்தான் இன்றும் செய்கிறோம். தினமும் காலையில் ஒரே நேரம். முனை மழுங்கிய துளிக்குழாயில் இரண்டு மூன்று துளி உப்புநீர். ஓரத்தில் மட்டும் விட்டு, ஒருமுறை இழுத்து எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு. ஆழமாக விடாதீர்கள். கழுத்தைத் தொட்டுத் தூண்டினால் எலிக்குப் பொய்ச்சினை (கரு இல்லாமலே சினை பிடித்த நிலை) வந்துவிடும். சுழற்சி இரண்டு வாரத்துக்கு நின்றுபோகும். அவசரக் கைகளால் நான் இப்படி எலிகளை இழந்திருக்கிறேன்.

நுண்ணோக்கியில் என்ன தெரியும்? புத்தகத்துப் படத்தைவிடச் சமையலறை உவமைதான் என் மாணவர்களுக்கு நிற்கிறது. புரோஈஸ்ட்ரஸில் உருண்டை உருண்டையாக, நடுவில் உட்கரு தெரிகிற செல்கள் கொத்தாக இருக்கும்: வெந்த ஜவ்வரிசி. ஈஸ்ட்ரஸில் உட்கரு இல்லாத, ஓரம் மடங்கிய தட்டைச் செதில்கள்: அவல். டையீஸ்ட்ரஸில் பொடிப்பொடியாக வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும்: ரவை. மெட்டீஸ்ட்ரஸில் அவலும் ரவையும் கலந்திருக்கும். சில மணி நேரமே நீடிப்பதால் தவறவிடுவது சுலபம். குறைந்தது இரண்டு முழுச் சுற்று பார்த்து, ஒழுங்காகச் சுழல்கிற எலியை மட்டும் எடுங்கள்.

இங்கேயும் உணவு ஒரு வேலை செய்யும். வைட்டமின் ஏ குறைந்த தீவனம் தின்கிற எலியின் ஸ்மியரில் நாள்தோறும் அவல்தான் தெரியும். ஈஸ்ட்ரஸ் நீடிக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். ஹார்மோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சத்துக் குறைவால் தோல் மாதிரி உலர்ந்த செல்கள் அவை.

ஸ்மியர் பார்க்க நேரமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. சோதனைக்கு 24 மணி நேரம் முன்பு ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கிலோவுக்கு 0.1 மி.கி. தோலுக்கடியில் போட்டால் எல்லா எலிகளும் ஈஸ்ட்ரஸ் நிலைக்கு வந்துவிடும். தசைச் சுருக்கம் பார்க்க இது சரி. ஈஸ்ட்ரோஜன் குணம் பார்க்கிற ஆய்வுக்கு இது கூடவே கூடாது.

தீவன மூட்டையைப் படியுங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுதுகிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிழங்கின் சாறுக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டா என்று பார்த்தோம். முதிராத பெண் எலிகள், மூன்று நாள் மருந்து, நான்காம் நாள் கருப்பை எடை. வெறும் எண்ணெய் மட்டும் கொடுத்த ஒப்பீட்டுக் குழுவின் கருப்பைகளே கனத்து இருந்தன. சாறு கொடுத்த குழுவுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. தராசைச் சந்தேகப்பட்டோம். சாறைச் சந்தேகப்பட்டோம். எடை போட்ட பையனைக்கூடக் கேள்வி கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. கடைசியில் அறை மூலையில் கிடந்த தீவன மூட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். பழைய மூட்டையில் இல்லாத ஒன்று புது மூட்டையில் முதல் வரியிலேயே இருந்தது: சோயாப் புண்ணாக்கு. விற்றவர் கலவையை நடுவில் மாற்றியிருக்கிறார், நமக்குச் சொல்லவில்லை. முப்பது எலிகள் ஒன்றுக்கும் உதவாமல் செத்துப்போயின.

சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்ற ஐசோஃபிளேவோன்கள் உண்டு. இவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில், அதாவது செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டுகிற இடத்தில், போய் ஒட்டிக்கொள்ளும். டெய்ட்ஸீனை எலியின் குடல் பாக்டீரியா ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் அது டெய்ட்ஸீனைவிட வலுவாக ஒட்டும். எலிகள் அநேகமாக எல்லாமே ஈக்வால் உண்டாக்கும். மனிதர்களில் ஒரு பகுதியினர்தான் உண்டாக்குகிறார்கள். 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர் புல்லை மேய்ந்த செம்மறி ஆடுகள் சினை பிடிக்காமல் போனதும் இதே குடும்பத்துப் பொருட்களால்தான். தின்கிற தழையே கருப்பையை மாற்றும் என்பதை விஞ்ஞானம் அந்த ஆடுகளிடம் கற்றுக்கொண்டது.

அதனால்தான், சோதனை முறைகளை வகுக்கிற பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. கருப்பை எடைச் சோதனைக்காக 2007-ல் கொண்டுவந்த 440-ம் எண் வழிகாட்டி, தீவனத்தில் தாவர ஈஸ்ட்ரோஜன் கிராமுக்கு 350 மைக்ரோகிராம் ஜெனிஸ்டீன் அளவைத் தாண்டக்கூடாது என்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆய்வு முடிகிறவரை தேவையான தீவனத்தை ஒரே தொகுப்பில் வாங்குங்கள். மூட்டை அட்டையைப் படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள். பணம் இருந்தால் பாலில் உள்ள கேசினைப் புரதமாகக் கொண்ட, கலவை நிர்ணயித்த ஏ.ஐ.என்.-93 வகைத் தீவனம் நல்லது. அதில் சோயா எண்ணெய் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஐசோஃபிளேவோன் புரதப் பகுதியோடு போய்விடும், சுத்திகரித்த எண்ணெயில் கிட்டத்தட்ட இருக்காது. கூண்டில் பரப்புகிற பொருளையும் பாருங்கள். எலி அதையும் கொறிக்கும்.

எண்ணெய் விஷயம் தனி. வாளையாறுக்கு மேற்கே தேங்காய் எண்ணெய், கிழக்கே கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும். நாங்கள் நடுவில் இருக்கிறோம், அடுப்படியில் மூன்றும் இருக்கும். நல்லெண்ணெயில் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதிக்கு அருகில் லினோலெயிக் அமிலம்; தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. லினோலெயிக்கிலிருந்து அராக்கிடோனிக் அமிலம், அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின், அது கருப்பையைச் சுருக்கும். 1929-ல் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத தீவனம் கொடுத்து எலிகளை வளர்த்தபோதுதான் இந்த அமிலங்கள் உயிருக்கு அவசியம் என்றே தெரிந்தது. 1990-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் சினை எலிகளுக்கு ஒரு பக்கம் மீன் எண்ணெய், மறு பக்கம் கடலை எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். மீன் எண்ணெய்க் குழுவுக்குச் சினைக்காலம் நீண்டது. ஆகவே மருந்தைக் கரைக்க எந்த எண்ணெய் எடுக்கிறீர்களோ, அதே எண்ணெயை அதே அளவில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் கொடுங்கள். கையில் கிடைத்த எண்ணெயில் கரைத்தேன் என்று எழுதும் ஆய்வை நான் படிப்பதையே நிறுத்திவிடுவேன்.

வைட்டமின் ஈ கண்டுபிடிக்கப்பட்டதே எலியின் கருப்பையில்தான். 1922-ல் பெர்க்லியில் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் பன்றிக்கொழுப்பு சேர்த்த செயற்கைத் தீவனத்தில் எலிகளை வளர்த்தார்கள். எலிகள் கொழுத்தன, சினையும் பிடித்தன. கருக்கள் மட்டும் பாதியில் உள்ளேயே கரைந்து மறைந்தன. லெட்டூஸ் கீரை கொடுத்ததும் குட்டிகள் பிறந்தன. அந்த எலிகளை வெளியிலிருந்து பார்த்திருந்தால் குறை ஒன்றும் தெரிந்திருக்காது. பழைய, காறல் வாசம் வருகிற தீவனத்தை நான் உடனே தூக்கிப் போடச் சொல்வது இதற்காகத்தான். கொழுப்பு காறும்போது வைட்டமின் ஈ முதலில் அழியும்.

கடைசியாக, பசி. கசப்பான சாறைத் தீவனத்தில் கலந்தால் எலி தின்னாது. தின்னாத எலி மெலியும், சுழற்சி நிற்கும், கருப்பை சுருங்கும். சாறுதான் செய்தது என்று எழுதிவிடுவீர்கள். சாறு குழு எவ்வளவு தின்றதோ அதே எடைத் தீவனத்தை மட்டும் பெறும் இன்னொரு குழுவையும் வைத்துக்கொண்டால் இந்த ஏமாற்றம் இருக்காது.

தாவரத்தைத் தயார் செய்தல்

முதலில் பெயர். மலையாளத்தில் ஆடலோடகம் என்று கேட்டு வாங்கினால் பல வைத்தியர்கள் சிற்றாடலோடகத்தைத் தருவார்கள். தமிழ்ப் பக்கம் ஆடாதோடை என்றால் பெரிய இலைச் செடி. இரண்டும் வெவ்வேறு இனம். எல்லையில் இருக்கிற நமக்கு இது தினசரிப் பிரச்சினை. தாவரவியல் துறையில் கொடுத்து இனத்தை உறுதி செய்து, காய்ந்த மாதிரி ஒன்றைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கவும்.

பப்பாளிப் பால் வேண்டுமென்றால் விடியற்காலையில், மரத்திலிருக்கும் பச்சைக் காயின் தோலை மட்டும் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வடியும். கையுறை கட்டாயம்; பால் தோலைப் புண்ணாக்கும். காய் பழுக்கப் பழுக்கப் பால் குறையும். நன்றாகப் பழுத்ததில் அநேகமாக இருக்காது, செங்காயில் இருக்கும். ஆகவே "பப்பாளி" என்று மட்டும் எழுதாமல் தோலின் நிறம், எந்தப் பகுதி, எத்தனை மணிக்குப் பறித்தது என்று எழுதுங்கள்.

சாறு தயாரானதும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று பி.எச்.; புளித்த சாறு எந்தத் தசையையும் ஆட்டும். இரண்டு பொட்டாசியம். கீரை, வாழைத்தண்டு, முருங்கை எல்லாவற்றிலும் நிறைய உண்டு. பொட்டாசியம் கூடினாலே தசை சுருங்கும், அதற்கு மூலிகைக் குணம் எதுவும் தேவையில்லை. சாறில் உள்ள பொட்டாசியத்தை அளந்து, அதே அளவு பொட்டாசியம் குளோரைடை மட்டும் தனியே விட்டு ஒப்பிடுங்கள். மூன்றாவது, கரைப்பான். எத்தனால் கருப்பையைத் தளர்த்தும்; அதை மட்டும் விட்டும் ஒரு பதிவு வேண்டும்.

வாழைப்பழத்தில் செரோடோனின் உண்டு, பூனைக்காலியின் சுணையிலும் உண்டு. எலிக் கருப்பை செரோடோனினுக்கு மிகவும் கூர்மையாகச் சுருங்கும். புது மூலிகை ஒன்றைக் கண்டுபிடித்ததாக நினைத்து, கடைசியில் செரோடோனினைக் கண்டுபிடித்திருப்போம். மோசமில்லை, ஆனால் தெரிந்து சொல்ல வேண்டும்.

ஆர்கன் பாத்

டி ஜலோன் கரைசல்தான் எலிக் கருப்பைக்கு ஏற்றது. ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.42, கால்சியம் குளோரைடு 0.06, சோடியம் பைகார்பனேட் 0.5, குளுக்கோஸ் 0.5. கால்சியம் வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் தசை தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். 0.06 என்பது நீரற்ற உப்புக்கு. புட்டியில் "டைஹைட்ரேட்" என்று இருந்தால் 0.08 எடுக்க வேண்டும். கால்சியத்தைத் தனியே கரைத்துக் கடைசியில், கலக்கிக்கொண்டே சேருங்கள். குளுக்கோஸை அன்றன்றைக்குச் சேருங்கள். முந்தின நாள் கலந்து வைத்தால் எங்கள் ஊர் வெயிலுக்குக் கலங்கிப்போகும்.

வெப்பம் 28 முதல் 32 டிகிரி. இங்கேதான் பாலக்காட்டு மாவட்டத்துக்காரர்களுக்குத் தொல்லை. சித்திரையில் வெளியே 40 தொடும். மாடித் தொட்டித் தண்ணீரே கைசுடும். பாத் சூடாக்கத்தான் செய்யும், குளிர வைக்காது. ஒரு மே மாதம் முழுக்கத் துண்டுகள் மருந்தில்லாமலேயே துடித்துக்கொண்டிருந்தன. வெப்பமானியைப் பார்த்தால் 35. இப்போது கோடையில் காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறோம். வெளித் தொட்டியில் பாலிதீன் உறையில் கட்டிய ஐஸ் போடுகிறோம். ஆடிக் காற்று கணவாய் வழியாக வீசும்போது மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். தசையின் இழுவையை அளக்கும் கருவியான டிரான்ஸ்டியூசரின் நூல் காற்றுக்கும் ஆடும்.

180 முதல் 220 கிராம் எலி. ஒப்புதல் பெற்ற முறையில் வலியில்லாமல் கொன்று, வயிற்றைத் திறந்து, இரு கொம்புகளையும் எடுத்து உடனே காற்றுக் குமிழி ஓடும் கரைசலில் போடுங்கள். கொழுப்பையும் ஒட்டுச் சவ்வையும் நுனிக் கத்தரியால் நீக்குங்கள். இழுக்காதீர்கள், கருப்பை இழுவைக்குப் பதில் சொல்லும். இரண்டு சென்டிமீட்டர் துண்டு. கீழ் முனையைக் காற்றுக்குழாய்க் கொக்கியிலும் மேல் முனையை நூலால் டிரான்ஸ்டியூசரிலும் கட்டி, அரை முதல் ஒரு கிராம் இழுவை கொடுங்கள்.

அப்புறம் காத்திருங்கள். முக்கால் மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை கழுவல். மாணவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான்.

முதலில் ஆக்ஸிடோசின். ஒரே அளவை மூன்று முறை விட்டு, பதிவில் மூன்று சுருக்க மேடுகளும் ஒரே உயரம் வந்தால்தான் துண்டை நம்பலாம். பிறகு அளவை இரண்டிரண்டு மடங்காகக் கூட்டி ஒரு வரைகோடு வாங்குங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், கழுவல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. இதற்கப்புறம் உங்கள் சாறு, சிறிய அளவிலிருந்து. விடுகிற நீரளவு பாத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்ட வேண்டாம். முடிவில் மறுபடியும் அதே ஆக்ஸிடோசின். மேடு பழைய உயரத்துக்கு வரவில்லை என்றால் சாறு தசையைக் கெடுத்திருக்கிறது. சபோனின், டானின் உள்ள சாறுகளும் பப்பாளி விதையும் இப்படித்தான் ஏமாற்றும். "தளர்த்தியது" என்று எழுதும் பலர் கொன்றதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சுருங்கியது என்றால், எதன் வழியாக? ஒவ்வொரு வழியையும் அடைக்கும் மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். அட்ரோபின் கொடுத்தபின் சுருக்கம் மறைந்தால் அசிட்டைல்கோலின் வழி. அட்டோசிபான் தடுத்தால் ஆக்ஸிடோசின் ஏற்பி. இண்டோமெத்தசின் தடுத்தால் தசையே புரோஸ்டாகிளாண்டின் உண்டாக்கியிருக்கிறது. தளர்வு என்றால், அட்ரினலின் வழியை அடைக்கும் புரோப்ரனலாலைக் கொடுத்துப் பாருங்கள். ஹிஸ்டமின் கினிப்பன்றிக் குடலைச் சுருக்கும், எலிக் கருப்பையைத் தளர்த்தும். ஜேம்ஸ் பிளாக் 1972-ல் ஹிஸ்டமினின் எச்2 ஏற்பியைப் பிரித்துக் காட்டியபோது அவர் பயன்படுத்திய திசுக்களில் இதுவும் ஒன்று.

எடை போடும் முறை

ஈஸ்ட்ரோஜன் கேள்விக்கு முதிராத எலியோ, சூலகம் நீக்கி இரண்டு வாரம் ஆறிய எலியோ வேண்டும். குழுவுக்கு ஆறு, மூன்று நாள் மருந்து, கடைசி மருந்திலிருந்து 24 மணியில் எடை. எதைனைல் ஈஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் கொடுத்த குழு ஒன்று கட்டாயம். அதில் எடை கூடவில்லை என்றால் உங்கள் முறையே வேலை செய்யவில்லை. கருப்பையை நீரோடு ஒருமுறை, குத்தி நீரை ஈர வடிதாளில் ஒற்றி மறுமுறை எடை போடுங்கள். சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஓடினால் எடை கண்முன் குறையும்.

சினை எலியில்

ஸ்மியரில் விந்தணு தெரிந்த நாளை 0 என்றோ 1 என்றோ குறிப்பிட்டு எழுதுங்கள். எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். 20-ம் நாளில் கரு ஒட்டிய இடங்கள், உயிருள்ள கருக்கள், கரைந்தவை, சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் மஞ்சள் முடிச்சுகள் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டிடங்களைப் பத்து சதவீத அம்மோனியம் சல்ஃபைடில் நனைத்தால் கறுத்துத் தெரியும். ஒன்றை மறக்காதீர்கள்: சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் எலிக்குச் சினை முழுக்கச் சூலகத்திலிருந்து வருகிறது, பெண்ணுக்கு இரண்டு மாதம் போனால் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

கணக்கு

ஒரு எலியிலிருந்து நான்கு துண்டு எடுத்தாலும் அது ஒரு எலிதான். ஆறு எலி என்றால் கணக்கில் மாதிரி எண்ணிக்கை ஆறுதான். அளவையும் மனிதக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 1000 மி.கி. என்றால், உடல் பரப்பை வைத்துக் கணக்கிட்ட 6.2-ஆல் வகுக்க, மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 160 மி.கி. 60 கிலோ பெண்ணுக்கு ஏறக்குறைய பத்து கிராம் சாறுப்பொடி. நூறு கிராம் காய்ந்த இலையிலிருந்து பத்து கிராம் பொடி கிடைக்கிறது என்றால், ஒருநாளைக்கு நூறு கிராம் காய்ந்த இலை. எந்த வீட்டில் யார் அப்படிச் சாப்பிடுகிறார்கள்? இந்த ஒரு வரியை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

அந்த மாணவிக்கு ஒப்புதல் வாங்கிக் கொடுத்தோம். பழச்சாறின் பதிவு தட்டையாக வந்தது, பாலின் பதிவு செங்குத்தாக ஏறி நின்றது. இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். அண்ணியிடம் நான் சொல்லச் சொன்னது: நன்றாகப் பழுத்ததில் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, செங்காயும் பச்சைக்காயும் வேண்டாம், மற்றதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அப்பத்தா தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "அப்போ கூட்டு வைக்கிற காய்? அது வெந்துடுதே?"

பாலில் உள்ள பப்பாயின் ஒரு நொதி. கொதித்தால் அது செயலிழக்கும். சுருக்கத்துக்குக் காரணம் அதுதானா, சூட்டைத் தாங்கும் வேறு பொருளா என்று கொதிக்க வைத்த பாலை விட்டுப் பார்த்தால் தெரியும். புதிய படிவம் பி எழுதி முடித்துவிட்டோம். நோக்கம் என்ற கட்டத்தில் அப்பத்தாவின் கேள்வி இருக்கிறது.